விறைத்த விரலும் விட்டுக்கொடுக்காத மனசும்
முடக்குவாதக்காரர்களுக்கு மருந்தோடு சேர்ந்து உதவும் பயிற்சிகள்

(அரநாயக்கத் தோட்டப் பகுதியில் கொழுந்தெடுக்கும் தாய்மாரையும் அவர்களது குடும்பத்தாரையும் கூட்டி வைத்துப் பேசிய பேச்சு இங்கே எழுத்தாகத் தரப்படுகிறது. வர முடியாமல் போனவர்களும் வாசித்துப் பயன்பெறட்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.)



வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று நாங்கள் கதைக்கப் போவது கை, கால் மூட்டுகளைப் பிடிக்கிற ஒரு வருத்தத்தைப் பற்றி. டாக்டர்மார் இதை ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். தமிழில் முடக்குவாதம் என்று எழுதுகிறோம். உடம்பின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் பாரிசவாதம் வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு வந்த இளம்பிள்ளை வாதம் வேறு. வயது போன பிறகு முழங்கால் தேய்ந்து வலிப்பதும் வேறு. இது தனி வருத்தம். நூறு பெரியவர்களில் ஒருவருக்கோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோதான் வரும். ஆனால் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. அதுவும் முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில், கூடை சுமந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற காலத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

நோயாளியான அக்காமார் சொல்வது அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். "காலையில எந்திரிச்சா ரெண்டு கையும் வெறைச்சுப் போயிருதுங்க. சட்டைப் பொத்தானைப் போட முடியல. தேத்தண்ணிக் கோப்பையப் புடிக்க முடியல. வெயில் ஏறினாத்தான் வெரலு மடங்குது." இப்படிச் சொல்லும்போதே கண் கலங்கிவிடும். பிறகுதான் உள்ளே இருக்கிறது வெளியே வரும். "வீட்டுல சோம்பேறின்னு ஏசுறாங்க. மலையில நடிக்கிறேன்னு சொல்றாங்க."

இந்த ஏச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த வருத்தத்தின் உச்ச நேரம் விடியற்காலை. தோட்டத்தில் மிக அவசரமான நேரமும் அதுதான். வெள்ளனப் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பத்து மணி போல விரல் இளகி அவ மளமளவென்று கொழுந்து எடுப்பதைப் பார்க்கிறவர்கள், "இப்ப நல்லாத்தானே எடுக்கிறா, காலையில மட்டும் என்ன வந்தது?" என்று கேட்கிறார்கள். காலையில் விறைத்து, நேரம் போகப் போக இளகுவதுதான் இந்த வருத்தத்தின் அடையாளம். டாக்டர் முதலில் கேட்பதும் அந்தக் கேள்விதான்.

இந்த வருத்தத்தை அடையாளம் காண்பது எப்படி?

எங்கள் உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். நோய்க் கிருமி வந்தால் அதை எதிர்த்து அடிப்பது அவன் வேலை. முடக்குவாதத்தில் இந்தக் காவல்காரனுக்கு ஆள் மாறிப்போகிறது. கள்ளனை விட்டுவிட்டு, வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்குகிறான். மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கிச் சூடாகிறது. கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிபட்டு, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூட்டு கோணிப் போகும். அப்படிக் கோணிய பிறகு மருந்தால் பழையபடி நேராக்க முடியாது.

இந்த அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழும்பியதும் அரை மணித்தியாலத்துக்கு மேல், சிலருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல், மூட்டு விறைத்திருக்கும். ஒரு கையில் மட்டும் இல்லாமல் இரண்டு கையிலும் இருக்கும். விரல் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பக்கம் ஆகிய சின்ன மூட்டுகளில் வீக்கம் இருக்கும். தொட்டால் மெத்தென்றும் சூடாகவும் இருக்கும். இதோடு அசதி, பசியின்மை, மெலிவு, சிலருக்கு லேசான காய்ச்சலும் சேரும். இது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிக்குன்குன்யா காய்ச்சல் வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு நோவு இருப்பதுண்டு. எது எதுவென்று பார்த்துச் சொல்ல இரத்தப் பரிசோதனை வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தால் தெரியாது.

முதலில் மருந்து

மூச்சுப் பயிற்சியைப் பற்றியும், மனசை அமைதிப்படுத்துவதைப் பற்றியும் சொல்லத்தான் வந்தோம். ஆனால் அதற்கு முன் மருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூட்டு அரிபடுவதைத் தடுப்பது மருந்து. மூச்சுப் பயிற்சி நோவைக் குறைக்கும், தூக்கத்தைக் கொடுக்கும், கையை இயங்க வைக்கும். காவல்காரனை அடக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. வருத்தம் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் மருந்தைத் தொடங்கினால் கை கோணாமல் காப்பாற்றலாம்.

தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, துண்டு வாங்கிக்கொண்டு அரநாயக்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கிருந்து மாவனல்லைக்கோ, கேகாலைப் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். வாத நோய்க்கென்றே ராகமையில் ஒரு அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கேயும் அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பஸ் காசும் ஒரு நாள் பேரும்தான் செலவு. அந்த ஒரு நாளைப் பார்த்துப் பின்வாங்கினால் பிறகு எத்தனையோ நாள் பேரை இழக்க வேண்டி வரும்.

இந்த வருத்தத்துக்கு டாக்டர்மார் அதிகமாகக் கொடுக்கும் மருந்து மெதொட்ரெக்சேட் என்ற குளிசை. இதைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். வாசிக்கத் தெரியாத வீட்டாரும் இதைப் பாடமாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் குளிசையை கிழமைக்கு ஒரு நாள் மட்டும்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்று டாக்டரிடம் கேட்டு, வீட்டுக் கலண்டரில் அந்த நாளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வையுங்கள். போலிக் அசிட் என்ற விட்டமின் குளிசையும் தருவார்கள். அதை எந்த நாளில் எடுப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மெதொட்ரெக்சேட் எடுக்கிறவர்கள் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பிள்ளை பெற நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடமும் மருத்துவிச்சியிடமும் சொல்ல வேண்டும். சாராயம், கசிப்பு கூடவே கூடாது, ஈரல் கெட்டுவிடும். சொன்ன தவணைக்கு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே காட்ட வேண்டும். பீடி, சிகரெட் இந்த வருத்தத்தைக் கூட்டும் என்பதையும் ஆம்பிளைகள் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இந்த வருத்தம் வரும்.

மனசுக்கும் மூட்டுக்கும் என்ன தொடர்பு?

"நோவு கையில இருக்கு, மனசுக்கு என்ன வைத்தியம்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

மலையில் வேலை செய்யும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். நிறுவைக்கு நேரமாகிவிட்டது, கூடை இன்னும் நிறையவில்லை. அந்த அவசரத்தில் கையைக் குச்சி கீறுகிறது, அட்டை கடிக்கிறது. அப்போது ஒன்றும் தெரிவதில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் எரிகிறது. காயம் பகலிலும் இருந்தது, ராத்திரியிலும் இருந்தது. நோவு மட்டும் கூடிக் குறைந்தது. ஏன்? மூட்டிலிருந்து நோவுச் செய்தி நரம்பு வழியாக முதுகுத் தண்டுக்குப் போய், மூளைக்குப் போய்ச் சேருகிறது. போகிற வழியில் அந்தச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் மூளையால் முடியும், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போல. பயம், கவலை, கோபம், தூக்கமின்மை எல்லாம் சத்தத்தைக் கூட்டும். அமைதி, நல்ல தூக்கம், நாலு பேரின் ஆதரவு எல்லாம் குறைக்கும். அதோடு, கவலைப்படும்போது நாங்கள் அறியாமலே தோளையும் கழுத்தையும் கையையும் இறுக்கிக்கொள்கிறோம். வீங்கிய மூட்டைச் சுற்றித் தசையும் இறுகினால் நோவு இரட்டிப்பாகும்.

இதனால் "உன் நோவு மனசுலதான் இருக்கு" என்று யாரும் அவர்களிடம் சொல்லக்கூடாது. வீக்கம் உண்மை. நோவும் உண்மை. அதைத் தாங்குகிற மனசுக்கும் பலம் கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

அரநாயக்கையில் இருக்கும் நாங்கள் பயத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து எங்கள் சனம் செத்தது. அன்றிலிருந்து இரவில் பெருமழை பெய்தால் கண் மூடாத வீடுகள் எத்தனை! கை நோவுள்ளவர்களுக்கு மழை இரவு இரண்டு விதத்தில் கஷ்டம். தூக்கம் இல்லை, மறுநாள் நோவும் கூடும். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே பயப்படாதே என்று சொல்லாமல், முன்னேற்பாடு செய்யுங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். விறைத்த கையோடு இருக்கும் அம்மாவை யார் பிடித்துக்கொண்டு போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் தூங்கும்.

வெளியில் என்ன கண்டிருக்கிறார்கள்?

இதெல்லாம் வாய்ப்பேச்சா, யாராவது பரீட்சித்துப் பார்த்தார்களா என்று சிலர் கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள்.

புதுடில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகம் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே முடக்குவாதம் உள்ள 72 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்தாரும் டாக்டர் தந்த மருந்தை நிறுத்தாமல் எடுத்தார்கள். ஒரு கூட்டத்தார் மட்டும் அதோடு சேர்த்து யோகாசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவற்றை 8 வாரம், கிழமைக்கு 5 நாள் செய்தார்கள். அவர்களுக்கு வருத்தத்தின் கடுமையும், இரத்தத்தில் தெரியும் வீக்க அடையாளங்களும், மனச்சோர்வும் மற்றக் கூட்டத்தாரைவிடக் குறைந்தன. 2019இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் செய்தார்கள். எங்கள் பெண்களுக்கு இரண்டு மணித்தியாலம் எங்கே கிடைக்கப் போகிறது? அதே பலன் பத்து நிமிஷத்தில் கிடைக்கும் என்று நாங்கள் ஆசை காட்ட மாட்டோம். ஆனால் குறைந்த நேரம் செய்தவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் மூட்டு வருத்தம் உள்ள 75 பேரை வைத்துப் பார்த்தார்கள். கிழமைக்கு இரண்டு வகுப்பு, வீட்டில் ஒரு தடவை, இப்படி 8 வாரம் மூட்டுக்கேற்ற யோகா செய்தவர்களுக்கு நோவு குறைந்து, தெம்பும் மனநிலையும் கூடியதை 2015இல் அறிவித்தார்கள்.

கைப் பயிற்சிக்கும் ஆதாரம் உண்டு. இங்கிலாந்தில் முடக்குவாதத்தால் கை பாதிக்கப்பட்ட 490 பேரிடம் பரீட்சித்து, மருந்தோடு ஒழுங்காகக் கைப் பயிற்சி செய்தவர்களின் கை ஒரு வருஷத்துக்குப் பிறகும் மற்றவர்களுடையதைவிட நன்றாக இயங்கியது என்று அதே 2015இல் வெளியிட்டார்கள். கொழுந்து எடுக்கிறவளுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

செய்யக்கூடிய ஐந்து காரியம்

முதலாவது, மூச்சு. காலையில் கண் விழித்ததும் பாயிலேயே படுத்திருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள், மனதுக்குள் நாலு எண்ணுங்கள், வயிறு மேலே வர வேண்டும். பிறகு ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஐந்து நிமிஷம் போதும். மனசு பெரட்டுக்கும், ரொட்டிக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கும் ஓடும். ஓடினால் ஓடட்டும், திட்டாமல் மறுபடியும் மூச்சுக்குக் கூட்டி வாருங்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சனம் பன்சலையில் மூச்சைக் கவனித்துப் பாவனை செய்வது உங்களுக்குத் தெரியும். எங்கள் பெரியவர்கள் பிராணாயாமம் என்றார்கள். அமெரிக்காவில் தீராத நோவு உள்ளவர்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சியை ஒரு ஆஸ்பத்திரியில் 1979இலேயே படிப்பிக்கத் தொடங்கினார்கள். கோயிலுக்குப் போகிறவர், சேர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லோரும் செய்யலாம். மூச்சு எல்லோருக்கும் பொது.

இரண்டாவது, வெந்நீரில் கைப் பயிற்சி. ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர் எடுத்து, முழங்கையால் சூடு பார்த்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை வையுங்கள். தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி மெல்ல விரியுங்கள். பெருவிரலால் மற்ற நாலு விரல் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். விரல்களை அகட்டிச் சேருங்கள். மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து தடவையில் தொடங்கி, பழகப் பழகப் பத்து ஆக்குங்கள். இறுக்கிப் பொத்த வேண்டாம், மற்றக் கையால் இழுத்து வளைக்க வேண்டாம். மூட்டு நன்றாக வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் வெந்நீரை விட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். அன்றைக்கு ஒன்றிரண்டு தடவை மெதுவாக அசைத்தால் போதும்.

மூன்றாவது, உடம்பைத் தளர்த்துவது. இது இரவில் படுத்த பிறகு. கால் விரலில் தொடங்குங்கள். "பாதம் தளரட்டும்" என்று மனதுக்குள் சொல்லி, அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, இடுப்பு, வயிறு, தோள், கை, கழுத்து, தாடை, நெற்றி என்று ஒவ்வொன்றாக மேலே வாருங்கள். நாள் முழுக்கக் கூடைக் கயிறு இழுத்த கழுத்தும் தோளும் எவ்வளவு இறுகிக் கிடந்தது என்பது அப்போதுதான் தெரியும். அநேகம் பேர் நெற்றிக்கு வருமுன்னே தூங்கிவிடுவார்கள். அதுவும் நல்லதுதான்.

நான்காவது, மெதுவான ஆசனம். வாங்கில் உட்கார்ந்தபடி தோளைச் சுழற்றுவது, கையை வலிக்காத அளவுக்கு உயர்த்துவது, முழங்காலை நீட்டி மடக்குவது, சுவரைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது, இவை போதும். தலைகீழாக நிற்பது, தோளில் நிற்பது, கழுத்தை வேகமாகச் சுழற்றுவது வேண்டவே வேண்டாம். இந்த வருத்தம் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டையும் பலவீனமாக்கும், ஆகவே ஆபத்து. உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உடம்புப் பாரத்தைப் போடவும் வேண்டாம். பயிற்சி செய்த பிறகு கூடிய நோவு இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் தணியாவிட்டால் அன்றைக்கு அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மனப்பாரத்தை இறக்குவது. கூடையை இறக்கினால் முதுகு நிமிர்கிறது அல்லவா, அதுபோல. நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுக் கதையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். முடக்குவாதமும் ஆஸ்துமாவும் உள்ள ஆட்களிடம், வாழ்க்கையில் மிக வருத்திய சம்பவத்தை மூன்று நாள் தொடர்ந்து இருபது நிமிஷம் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். நாலு மாதம் கழித்து, அப்படி எழுதிய முடக்குவாதக்காரர்களின் வருத்தம் குறைந்திருந்ததாக அமெரிக்காவில் 1999இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. எழுதிய தாளை யாருக்கும் காட்டத் தேவையில்லை, அடுப்பில் போட்டாலும் சரி. பஜனை, ஜெபம், கூட்டுப் பிரார்த்தனை உங்களுக்கு ஆறுதல் தந்தால் அதையும் விடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் ஆசையில்லாமல், அழுகையாகவே இருந்தால், அல்லது செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் ஆட்கள் கேட்பார்கள்.

வீட்டாருக்கும் கங்காணிமாருக்கும்

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு அக்கா மனதுக்குள் சிரித்திருப்பார். "நான் நாலரைக்கு எந்திரிச்சு அடுப்ப மூட்டணும், ரொட்டி தட்டணும், தண்ணி புடிக்கணும். எனக்கு எங்க மூச்சு விட நேரம்?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கே பின்னால் நின்றுகொண்டிருக்கும் ஆம்பிளைகளும், வளர்ந்த பிள்ளைகளும், மாமியார்மாரும்தான்.

இந்த வருத்தம் உள்ளவருக்குக் காலையில் அரை மணித்தியாலம் வேண்டும். அது வானத்திலிருந்து விழாது, வீட்டில் மற்றவர்கள் கொடுத்தால்தான் கிடைக்கும். அந்த அரை மணித்தியாலத்துக்கு அடுப்பை வேறொருவர் மூட்டட்டும். மா பிசைவதும் ரொட்டி தட்டுவதும் விறைத்த விரலுக்கு மிகக் கஷ்டமான வேலை, அதை மகனும் செய்யலாம், கை தேய்ந்து போகாது. ஒரு பேசின் வெந்நீர் வைத்துப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவும் வைத்தியம்தான். கசக்கிப் பிழிகிற துணி, தேங்காய் துருவுவது, பாரமான வாளி, இவற்றைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வாளியை விரலால் தூக்காமல் முன்கையில் மாட்டித் தூக்கலாம். துணியை முறுக்காமல் கொடியில் போட்டு வழிய விடலாம்.

கங்காணிமாருக்கும் ஒரு வேண்டுகோள். டாக்டரின் துண்டு உள்ள பெண்ணுக்கு நோவு கூடிய நாட்களில் லேசான வேலை கொடுக்க முடியுமா என்று கணக்கப்பிள்ளையிடமும் தொரையிடமும் கதையுங்கள். தலைவர்மாரும் துணை நில்லுங்கள். நாள் முழுக்க ஒரே பிடியாக எடுக்காமல், நோவு வருவதற்கு முன்னமே இரண்டு நிமிஷம் கையை ஆறவிட்டு எடுத்தால், அவரால் அதிக வருஷம் வேலை செய்ய முடியும். அது தோட்டத்துக்கும் லாபம்தான்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"குளிரும் மழையும்தான் இந்த வருத்தத்தைக் கொண்டு வருதா?" என்று ஒரு தாய் கேட்டார். கொண்டு வருவதில்லை. ஆனால் ஈரத்திலும் குளிரிலும் விறைப்பு கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். மழையில் நனைந்து வந்தால் ஈரத் துணியை உடனே மாற்றி, கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

"டவுன்ல ஒருத்தர் பொடி ஒன்னு தர்றாரு. ரெண்டே நாள்ல நோவு பறந்து போகுது. வாங்கலாமா?" என்று இன்னொருவர் கேட்டார். என்ன மருந்து என்று பெயர் சொல்லாத பொடியோ குளிசையோ வேண்டாம். இரண்டு நாளில் பறக்க வைக்கும் சில பொடிகளில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. கணக்கில்லாமல் எடுத்தால் எலும்பு பலவீனமாகும், சீனி வருத்தமும் பிரஷரும் வரும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல், அந்தப் பொடியையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"பயிற்சி செஞ்சு நோவு கொறைஞ்சா மருந்த விட்டுறலாமா?" என்று ஒரு இளம் பெண் கேட்டார். விடக்கூடாது. நோவு குறைந்தாலும் உள்ளே மூட்டு அரிபடலாம். குறைப்பதோ நிறுத்துவதோ கிளினிக் டாக்டரின் முடிவு.

"எத்தனை நாளில் பலன் தெரியும்?" என்று கேட்டார்கள். மூச்சுப் பயிற்சியில் சிலருக்கு அன்றிரவே தூக்கம் நன்றாக வரும். கைப் பயிற்சிக்கு வாரக்கணக்கு ஆகும். தேயிலைக் கன்று நட்ட மறுநாளே யாரும் கூடையோடு போய் நிற்பதில்லை. அதே பொறுமையோடு எட்டு வாரம் ஒழுங்காகச் செய்து பாருங்கள்.

கடைசியாக, நாளைக் காலையில் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லி முடிக்கிறோம். உங்கள் லயத்தில் காலையில் கை விறைக்கிறது என்று சொல்கிறவர் யாராவது இருந்தால், அவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே மருந்து எடுக்கிறவர் வீட்டில் இருந்தால், கலண்டரில் சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். விடியற்காலையில் அவர் பாயில் படுத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால் சோம்பேறி என்று ஏசாமல், நீங்கள் எழும்பி அடுப்பில் ஒரு பானை தண்ணீர் வையுங்கள்.